மாரிமுத்து அளந்த மண்டைகள்

மூக்கண்டப்பள்ளியில் மாரிமுத்துவைத் தெரியாதவர்கள் இப்போது யாரும் இல்லை. அதற்காக அவருடைய வாழ்க்கையை எழுத உட்காரும் அளவுக்கு அவர் ஒன்றும் கிழித்துவிடவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். பத்தொன்பது வருடம் ஒரே மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து இரும்புப் பீஸ் அளந்தவள் நான். பெயர் ஜெயமணி, சொந்த ஊர் மணப்பாறைப் பக்கம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள், சொல்லிக்கொள்ளட்டும். மாரிமுத்துவை 'அவர்' என்று எழுதுவது வயதுக்காக மட்டும்தான்.

கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்துவிட்டு ஓசூருக்கு பஸ் ஏறி, வண்டிகளுக்கு உதிரிப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப்பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தார். வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. அளவெடுக்கும் வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுத்தால் சாப்பாட்டு மணி அடித்தாலும் நிமிர மாட்டார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் போனதுதான் வினை. "கல்யாணமான புதுசுல தோசையை அளந்தாருக்கா. வட்டம் ரெண்டு மில்லி கோணையா இருக்காம்" என்று அவர் மனைவி பொற்கொடி என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். பொற்கொடி செல்போன் பாகங்கள் பொருத்தும் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறவள். ஒரே மகள் சுப்ரியா.

நான்கு வருடத்துக்கு முன்னால் எங்கள் மேசைக்கு மேலே ஒரு கேமராவைக் கொண்டு வந்து மாட்டினார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஷிஃப்டில் அளப்பதை அது டீ குடிக்கிற நேரத்தில் அளந்து தள்ளியது. என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். மாரிமுத்துவுக்கு மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மனுஷன் மூன்று மாதம் வீட்டு வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவத்தையெல்லாம் நான் அப்போதே பட்டுத் தீர்த்துவிட்டேன், இப்போது கையிருப்பு இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஹரீஷ்குமார் என்ற ஒரு கோட்டு சூட்டு வந்து வாய்த்தது. பெங்களூரில் ஒரு ஓட்டல் ஹாலில் இரண்டு நாள் பயிற்சி. குழந்தையின் தலையைத் தடவி, அளந்து, அது டாக்டரா, டீச்சரா, பாட்டுக்காரியா என்று சொல்லிவிடலாமாம். தலையில் எந்த இடம் மேடாக இருக்கிறதோ அந்த இடத்துத் திறமை உள்ளே பொங்கி வழிகிறதாம். இரண்டு நாளில் சான்றிதழ். மூன்றாம் நாள் மாரிமுத்து மூக்கண்டப்பள்ளி மெயின் ரோட்டில், சிக்கன் கடைக்குப் பக்கத்தில் 'மூளைத்திறன் அளவையகம்' என்று போர்டு மாட்டிவிட்டார். உள்ளே மேசைமேல் மொட்டைத் தலை பீங்கான் பொம்மை ஒன்று. தலை முழுக்கக் கோடு போட்டு, கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குணத்தின் பெயர். வீட்டு மனை விற்கிறவர்கள் காட்டும் லேஅவுட் மாதிரி இருந்தது.

"ஜெர்மன்காரன் கண்டுபிடிச்சது ஜெயமணி. இருநூறு வருசத்துக்கு முன்னாடியே அளந்து வச்சிருக்கான். ஜெர்மன்காரன் அளவு தப்புமா?" என்றார் என்னிடம்.

எங்கள் ஊரில் ஜெர்மன் மெஷின் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போவோம். மாரிமுத்துவுக்கு அது தெரியும். இன்னொன்றும் தெரியும். கவட்டைக் கால் போல வளைந்த ஒரு பெரிய காலிப்பரை அவரே கிரைண்டிங் கடையில் செய்து, டிஜிட்டல் டிஸ்பிளே பொருத்தி, அதன் முதுகில், அளவு சரிபார்த்தாயிற்று என்று காட்டும் பச்சை நிற கேலிபரேஷன் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். தேதி, கையெழுத்து, அடுத்த சோதனை எப்போது என்பது வரை எல்லாம் இருந்தது. வேறு ஊர் ஜனங்கள் சாமியாரை நம்புவார்கள். ஓசூர்க்காரன் ஸ்டிக்கரை நம்புவான். காலிப்பர் சரியாக அளக்கிறதா என்று கேட்க எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எதை அளக்கிறது என்று கேட்க யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் யூனிஃபார்மோடு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். நானும் வேடிக்கை பார்த்துச் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தேன். எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று இருந்தது என் தப்பு.

சுப்ரியாவின் விஷயம் வந்தபோதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. பிளஸ் டூவில் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. கவுன்சலிங்கில் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் கிடைத்தது. அந்த இடத்தை ஆன்லைனில் உறுதி செய்ய ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி வரை கெடு. உறுதி செய்ய வரும் ரகசிய எண், பதிவு செய்த கைபேசிக்குத்தான் வரும். அந்தக் கைபேசி மாரிமுத்துவின் சட்டைப் பையில். அவர் மகளின் தலையை அளந்தார். கணக்குக்கான இடம், புருவத்தின் வெளி ஓரம், பத்துக்கு மூன்று புள்ளி ஒன்று.

"மார்க்கு மனப்பாடத்துல வந்தது. உள்ளுக்குள்ள சரக்கு இல்ல. நாலு வருசம் போய் அரியர் வச்சுட்டு அழுவா. தையலுக்கு எட்டு புள்ளி ரெண்டு இருக்கு, அதுல விடுதேன்" என்று முடிவு செய்துவிட்டார்.

ஊரை ஏமாற்றுகிறவன் வீட்டுக்கு வந்தால் சிரித்துக்கொண்டு சாப்பிடுவான், அவனை ஒரு வகையில் சேர்த்துக்கொள்ளலாம். இவர் தன் மகளிடமே அதைச் செய்தார் என்றால் முழுசாக நம்புகிறார் என்று அர்த்தம். இந்த ஜாதி முட்டாளுக்கு மருந்தே கிடையாது.

வெள்ளிக்கிழமை கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் செல்போனில் அந்த ஜெர்மன்காரன் கதையைத் தேடிப் படித்தேன். பெயர் டாக்டர் கால். வியன்னாவில் வைத்தியம் பார்த்தவர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கூடப் படித்த பையன்கள் மனப்பாடத்தில் இவரைத் தோற்கடித்தார்களாம். அவர்களுக்கெல்லாம் முட்டைக் கண். ஆகா, ஞாபகசக்தி கண்ணுக்குப் பின்னால் இருந்து கண்ணை வெளியே தள்ளுகிறது என்று முடிவு கட்டினார். தோற்ற பையன் பொறாமையில் சொன்னது அப்படியே சாஸ்திரமாகிவிட்டது. பிறகு ஜெயில், பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று அலைந்து, தலை தலையாகத் தடவி, மூளையில் இருபத்தேழு உறுப்பு என்று கணக்குச் சொன்னார். மிருகங்களைச் சித்திரவதை செய்து ரசித்த ஒரு மாணவனுக்குக் காதுக்கு மேலே மேடாக இருந்ததாம். உடனே கொலைவெறிக்கு அங்கே ஒரு பட்டா. ஒத்து வந்த தலையை எண்ணிக்கொண்டார், ஒத்து வராத தலைக்கு ஒரு சமாதானம் வைத்திருந்தார்.

அவருக்கு முந்தியவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? எகிப்தில் ராஜா செத்தால் இதயத்தைப் பத்திரமாக உள்ளேயே வைத்துவிட்டு, மூளையை மூக்கு வழியாகக் கொக்கி போட்டு இழுத்து வீசியிருக்கிறார்கள். கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் என்ற பெரிய மனுஷன், மூளை ரத்தத்தைக் குளிரவைக்கும் சாதனம் என்று எழுதி வைத்தார். அதாவது வண்டியில் ரேடியேட்டர். அவர்களைப் பார்க்க, நினைப்பு முழுக்க மூளையில்தான் இருக்கிறது, இன்னின்ன வேலைக்கு இன்னின்ன இடம் என்று சொன்ன மட்டில் டாக்டர் கால் ஒரு படி மேல். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மண்டையோட்டின் வெளிப்புற மேடு உள்ளே இருக்கும் மூளையைக் காட்டாது. வார்ப்புப் பீஸின் வெளிப்பக்கத்தைத் தடவி, உள்ளே துளை எத்தனை மில்லி என்று சொன்னால் எங்கள் சூப்பர்வைசர் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிடுவார். பிரான்சில் ஒருவர் புறாக்களின் மூளையைத் துண்டு துண்டாக அறுத்துப் பார்த்து, டாக்டர் கால் சொன்ன உறுப்புப் பட்டியல் பொய் என்று அப்போதே காட்டியும்விட்டார். யார் கேட்டார்கள்? அமெரிக்காவில் தலைமேல் கவிழ்த்து முப்பத்திரண்டு குணத்துக்கும் மார்க் அடித்துத் தரும் இயந்திரமே செய்து, அதற்கும் வரிசையில் நின்றார்கள். வெள்ளைக்காரன் நம் நாட்டு மனுஷர்களின் மண்டையோட்டைக் கப்பலில் ஏற்றி எடின்பரோவுக்கு அனுப்பி அளந்து, இவன்கள் பிறவியிலேயே இப்படித்தான் என்று எழுதி வைத்தான். அன்றைக்கு அவன் நமக்குச் செய்ததை இன்றைக்கு மாரிமுத்து தன் மகளுக்குச் செய்கிறார். படிக்கப் படிக்க எனக்கு ரத்தம் கொதித்தது.

சனிக்கிழமை நேரே போய்க் கேட்டேன். சரித்திரமெல்லாம் அவரிடம் எடுபடாது என்று தெரியும். அதனால் எங்கள் தொழில் பாஷையில் பேசினேன்.

"அண்ணே, இந்தக் கேஜுக்கு ஆர் அண்ட் ஆர் பண்ணீங்களா?"

புதிய அளவுகருவி வந்தால் நாங்கள் செய்யும் சோதனை அது. ஒரே பீஸைத் திரும்பத் திரும்ப, வரிசையைக் கலைத்து, எந்தப் பீஸ் என்று அளப்பவருக்குத் தெரியாமல் கொடுப்போம். ஒரே பீஸுக்கு ஒரே அளவு வர வேண்டும். வராவிட்டால் கருவியைச் சிவப்பு டப்பாவில் போட்டுவிடுவோம்.

மாரிமுத்துவின் முகம் சிவந்தது. "என்னையே கேக்கியா? ஆர் அண்ட் ஆர் பண்ணாம எந்தக் கேஜையும் லைனுக்கு விட்டவன் இல்ல நான். நாளைக்கு வா. பண்ணிருவோம்."

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அளவையகத்தில் கூடினோம். பொற்கொடி தன் கம்பெனியில் போடும் மெல்லிய தலைத் தொப்பிகளைக் கொண்டு வந்திருந்தாள். லைன் வீடுகளில் இருந்து சுப்ரியா வயதுப் பெண்கள் நான்கு பேர், சுப்ரியாவோடு ஐந்து. எல்லோர் தலையிலும் தொப்பி, முகத்தை மறைத்துத் துண்டு, தோளைச் சுற்றிப் போர்வை, சுவரைப் பார்த்து நாற்காலி. பேசக் கூடாது. ஒவ்வொருவராக உள்ளே அனுப்புவது என் வேலை, மாரிமுத்து சொல்வதை எழுதுவது பொற்கொடி. ஒவ்வொரு தலையும் மூன்று முறை போகும். வரிசையை நான் கலைத்துக் கலைத்து அனுப்பி, யார் எத்தனையாவது என்று தனியாகக் குறித்துக்கொண்டேன். நடுவில் டீ வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நானும் ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். மாரிமுத்து என் தலையைத் தடவி, அளந்து, "இந்தப் பிள்ளைக்கு ஓட்டப்பந்தயத்துல நல்ல எதிர்காலம் இருக்கு" என்றார். எனக்கு வயது நாற்பத்தெட்டு, மாடிப்படி ஏறினால் முட்டி கதறும். போர்வைக்குள் சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நான்கு மணி சுமாருக்கு எல்லோரும் தொப்பியைக் கழற்றினோம். பொற்கொடி தன் தாளையும் என் குறிப்பையும் சேர்த்துப் பார்த்து வாசித்தாள். சுப்ரியாவின் கணக்கு முதல் தடவை மூன்று புள்ளி நாலு. இரண்டாம் தடவை எட்டு புள்ளி ஆறு. மூன்றாம் தடவை ஐந்து புள்ளி ஏழு. மற்றப் பெண்களுக்கும் இதே கூத்துதான். ஒருத்தி முதல் தடவை அமைதியானவள், அடுத்த தடவை கட்சித் தலைவி.

"சொல்லுங்கண்ணே, சிவப்பு டப்பாவா பச்சை டப்பாவா?" என்றேன்.

மாரிமுத்து தாளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நெற்றியில் வேர்வை. ஒரு நிமிஷம், உண்மையாகவே ஒரு நிமிஷம், இந்த ஆள் திருந்திவிட்டார் என்று நம்பினேன். பிறகு அவர் மேலே பார்த்தார்.

"ஃபேன்தான ஓடுது? அளவு எடுக்கிற ரூம் இருபது டிகிரில இருக்கணும். இன்னிக்கு முப்பத்து மூணு. சூட்டுல இரும்பே விரியும், மண்டை விரியாதா? தப்பு கேஜ்ல இல்ல ஜெயமணி. ஏசி போட்டுட்டு அடுத்த வாரம் திரும்ப எடுப்போம்."

 இவரையும் இவர் குருமார்களையும் ஒரே தறியில்தான் நெய்திருக்கிறார்கள். டெகார்ட்டே என்ற மேதையின் மண்டையோடு கிடைத்தபோது, யோசிக்கும் இடம் அதில் சின்னதாக இருந்ததாம். டாக்டர் காலின் சிஷ்யர் அசரவில்லை. அப்படியானால் அவர் நாம் நினைத்த அளவுக்குப் பெரிய மேதை இல்லை என்றாராம். இந்தக் கூட்டத்துக்குத் தோல்வியே கிடையாது.

"அடுத்த வாரம் சீட்டு இருக்காதுப்பா. இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும்தான்" என்றாள் சுப்ரியா. மூன்று நாளாக அழுதுகொண்டிருந்தவள் அவள்.

"அளவு வராம எப்படிம்மா முடிவு எடுக்க?"

பொற்கொடி எழுந்தாள். அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"இருபத்தோரு மணி நேரம் வலிச்சுப் பெத்த தலை அது. அளவு எனக்குத் தெரியும். போனைக் குடுங்க."

அவர் பையைப் பொத்தினார். அவள் அந்தக் கையை விலக்கி, போனை எடுத்து மகளிடம் கொடுத்தாள். அவசரத்தில் சுப்ரியா முதல் தடவை ரகசிய எண்ணைத் தப்பாகப் போட்டாள். இரண்டாம் தடவை விழுந்தது. நாலு நாற்பத்திரண்டுக்கு இடம் உறுதியானது. நான் அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேன். மாரிமுத்து ஏசிக் கடைக்குப் போன் பேச வெளியே போய்விட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு சுப்ரியா பர்கூர் விடுதியிலிருந்து வந்தாள். விஜயதசமி காலையில் அவளும் நானும் மெயின் ரோட்டுக்கு வந்தோம். அளவையகத்தின் வாசலில் ஒரு ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ். அதில் சுப்ரியாவின் பள்ளி அடையாள அட்டைப் படம். 'எங்கள் ஆய்வில் கண்டறியப்பட்டு இன்று அரசு பொறியியல் கல்லூரியில்!' கீழே, கணக்குத் திறன் எட்டு புள்ளி ஆறு. மூன்று அளவில் வேண்டிய ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருக்கிறார். ச்சீ என்று ஆகிவிட்டது எனக்கு. உள்ளே புது ஏசி ஓடியது. பீங்கான் மண்டைக்கும் காலிப்பருக்கும் பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமம் இன்னும் காயவில்லை. பிள்ளைகளை எழுத்துக்கு உட்காரவைக்க நல்ல நாள் என்று, முதலில் தலையை அளந்துகொண்டு போக வாசலில் இருபது பேர் டோக்கனோடு நின்றார்கள்.

வரிசையில் முதல் ஆள் உத்தனப்பள்ளி பூவம்மாள். பண்ணை வீட்டில் ரோஜாத் தோட்டத்து வேலை செய்கிறவள். நான்கு வயது மகளை இடுப்பில் வைத்திருந்தாள். அந்தக் குழந்தை அம்மாவின் தாலிக் கயிற்றைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. பூவம்மாள் சுப்ரியாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"போட்டோல கீற பொண்ணு நீதானம்மா? சார் உன் தலையப் பார்த்து முன்னாடியே சொல்லிட்டாராமே?"

"சொன்னாருக்கா. இவளுக்குக் கணக்கு வராது, காலேஜு வேணாம்னு சொன்னாரு. எங்கம்மா இல்லாட்டி நான் போயிருக்கவே மாட்டேன். எல்லாம் பொய்க்கா. பாப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

பூவம்மாள் சுப்ரியாவை மேலும் கீழும் பார்த்தாள், கொஞ்சம் யோசித்தாள்.

"உனக்கு அளந்தப்போ சாருக்குப் புதுசு, தப்பிப் போச்சு. இப்ப ஏசி கூட வெச்சிக்கிறாரு. எம் பாப்பாவுக்கு சரியா வரும்மா."

அவள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனாள். கண்ணாடிக் கதவு வழியாக நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். குளிர்ந்த இரும்பு காது ஓரத்தில் பட்டதும் குழந்தை வீரிட்டது. "அசையாத கண்ணு, அளவு மாறிரும்" என்று மாரிமுத்து தலையை அழுத்திப் பிடித்தார். டிஸ்பிளேயைப் பார்த்தார். "படிப்பு ரெண்டு புள்ளி ஒன்பதும்மா. இது மேல ரொம்ப நம்பிக்கை வைக்காதீங்க" என்றார்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். மாரிமுத்து ஏசியின் குளிர் வெளியே போகிறது, கதவைச் சாத்து என்றார்.  பூவம்மாள் அளவு எழுதிய சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். போகும்போது இடுப்பில் தூக்கிக்கொண்டு போன குழந்தையை, வரும்போது நடக்கவிட்டுக் கூட்டி வந்தாள்.